சாண்டா கிளாரா கவுன்ட்டி: எந்த வேலைக்கு எந்தக் கவுன்ட்டர்?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் புதிதாக வந்து குடியேறுபவர்கள் முதலில் தடுமாறுவது பெயரில்தான். சாண்டா கிளாரா என்று ஒரு நகரம் இருக்கிறது, அதே பெயரில் ஒரு கவுன்ட்டியும் இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக சாண்டா கிளாரா நகர அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு. அங்கே இருப்பவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "இது கவுன்ட்டி வேலை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரை நாள் விடுப்பு வீண்.

கவுன்ட்டியை நம்ம ஊர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கவுன்ட்டிக்குள் 15 நகரங்கள் (சான் ஹோசே, சன்னிவேல், கூப்பர்டினோ, மில்பிடாஸ், மவுன்டன் வியூ, பாலோ ஆல்ட்டோ, கில்ராய் எல்லாம் இதில் அடக்கம்), 2020 கணக்கெடுப்பின்படி 19 லட்சத்துக்கும் மேல் மக்கள். ஃப்ரீமான்ட் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது அலமீடா கவுன்ட்டி. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது பின்னால் முக்கியமாகும். தலைநகரிலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் இங்கே கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் 5 சூப்பர்வைசர்கள் கொண்ட சபைதான் மேலிடம். அவர்கள் நியமிக்கும் கவுன்ட்டி எக்ஸிக்யூடிவ் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பார். சொத்து மதிப்பிடும் அசெஸர், கவுன்ட்டி போலீஸின் தலைவரான ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆகியோர் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருபவர்கள்.

எது யாருடையது

குப்பை, தெருவிளக்கு, வீட்டில் அறை கூட்டிக் கட்ட அனுமதி ஆகியவை நகரத்தின் வேலை. ஓட்டுநர் உரிமம் மாநிலத்தின் டி.எம்.வி. கையில். பள்ளிகள் நகரத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல, கவுன்ட்டிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றுக்குத் தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், தனி எல்லை. ஒரே நகரத்தில் எதிரெதிர் வீடுகள் இரண்டு டிஸ்ட்ரிக்டில் விழலாம். பஸ்ஸும் லைட் ரயிலும் வி.டி.ஏ. என்ற தனி அமைப்பு. பிறப்பு, இறப்பு, திருமணம், பத்திரப் பதிவு, சொத்து வரி, தேர்தல், உணவக ஆய்வு, பொது மருத்துவமனை ஆகியவை கவுன்ட்டி.

குழப்பம் வருவது இடைப்பட்ட விஷயங்களில். லாரன்ஸ், சான் டோமாஸ், மான்டேகு, சென்ட்ரல் போன்ற எக்ஸ்பிரஸ்வேக்கள் எந்த நகரத்தின் வழியாகப் போனாலும் கவுன்ட்டியுடையவை. அங்கே பள்ளம் என்றால் நகரத்தின் செயலியில் புகார் போட்டுப் பயனில்லை, கவுன்ட்டியின் சாலைத் துறைக்குப் போட வேண்டும். நூலகமும் அப்படித்தான். கூப்பர்டினோ, மில்பிடாஸ், சாரடோகா, காம்ப்பெல் நூலகங்கள் கவுன்ட்டி நூலகக் குழுமத்தைச் சேர்ந்தவை. சான் ஹோசே, சன்னிவேல், மவுன்டன் வியூ நகரங்களுக்குச் சொந்த நூலகங்கள். கூப்பர்டினோவில் தனி போலீஸ் இல்லை, ஷெரிஃப் அலுவலகமே ஒப்பந்தத்தில் பார்க்கிறது.

இன்னொரு வலை: 'அன்இன்கார்ப்பரேட்டட்' துண்டுகள். சான் ஹோசே நகரத்துக்கு நடுவிலேயே பர்பேங்க், ஆலம் ராக் பகுதிகளில் சில தெருக்கள் எந்த நகரத்திலும் சேராதவை. அஞ்சல் முகவரியில் 'சான் ஹோசே' என்றே இருக்கும். ஆனால் அந்த வீட்டுக் கொல்லையில் ஷெட் போடக் கவுன்ட்டியின் பிளானிங் துறையிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கும்போது முகவரியைக் கவுன்ட்டி இணையதளத்தில் போட்டு எந்த எல்லை என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பிறப்புச் சான்றிதழ்: மருத்துவமனையிலேயே சரிபாருங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான்.

பிறப்பு பதிவாவது நீங்கள் வசிக்கும் கவுன்ட்டியில் அல்ல, குழந்தை பிறந்த மருத்துவமனை இருக்கும் கவுன்ட்டியில். மில்பிடாஸில் குடியிருந்து ஃப்ரீமான்டில் பிரசவம் என்றால், சான்றிதழ் அலமீடா கவுன்ட்டியில்தான் கிடைக்கும். பிரசவம் முடிந்த மறுநாள் மருத்துவமனை ஊழியர் ஒருவர் ஒரு படிவத்தோடு அறைக்கு வருவார். தூக்கம் இல்லாத அந்த நேரத்தில் நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் ஆயுளுக்கும் நிற்கும். அதனால் பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட்டையும் மருத்துவமனைப் பையிலேயே வைத்திருங்கள்.

படிவத்தில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பெற்றோர் பெயர். அங்கே கேட்பது பிறந்தபோது இருந்த பெயர். கணவர் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்ட அம்மாக்கள் இப்போதைய பெயரை எழுதிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

இரண்டாவது, சர்நேம், அதாவது குடும்பப் பெயர். நம்மில் பலருக்கு இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் சர்நேமாக்கி, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று போட்டிருப்பார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது, பெயரல்ல. ஊழியர் விசாவைப் பார்த்து அதையே சான்றிதழில் தட்டிவிட்டால், குழந்தையின் அப்பா பெயர் ஆயுளுக்கும் 'தெரியவில்லை' ஆகிவிடும். நின்று, மறுத்து, மாற்றச் சொல்லுங்கள். குழந்தைக்கு அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக வைப்பதற்குக் கலிஃபோர்னியாவில் தடையில்லை. ஆனால் ஒற்றை எழுத்து இனிஷியலை மட்டும் கடைசிப் பெயராகப் போடாதீர்கள். பள்ளியிலிருந்து விமான டிக்கெட் வரை எல்லாக் கணினியும் அதை மென்று துப்பும்.

மூன்றாவது, சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டுமா என்ற கட்டம். அதை டிக் செய்தால் அட்டை தபாலில் வரும். விட்டுவிட்டால் மத்திய அரசு அலுவலகத்தில் தனியாக வரிசை நிற்க வேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் வி.எஸ். 24 என்ற படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்திட்டு மாநில அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். ஆனாலும் பழைய தாள் அழியாது. திருத்தம் இரண்டாம் பக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். அதன் பிறகு எங்கே காட்டினாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது, கேட்டுப் பணம் கட்டி வாங்க வேண்டும். அண்மையில் பிறந்த குழந்தைக்குக் கவுன்ட்டியின் பொதுச் சுகாதாரத் துறை தரும். பழைய பதிவுகளுக்கு கிளார்க்-ரெக்கார்டர் எனப்படும் கவுன்ட்டிப் பதிவாளரின் அலுவலகம். அந்த அலுவலகம் இப்போது வடக்கு சான் ஹோசேயில், 110 வெஸ்ட் டாஸ்மன் டிரைவில் இருக்கிறது. (ஊர்க்காரர்கள் யாராவது டாஸ்மாக் என்று படித்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.) பழைய குறிப்புகள் 70 வெஸ்ட் ஹெட்டிங் தெரு என்று சொல்லும். அங்கே இருப்பது கவுன்ட்டியின் தலைமையகம்.

விண்ணப்பத்தில் 'ஆதரைஸ்டு' நகல், 'இன்ஃபர்மேஷனல்' நகல் என்று இரண்டு வகை இருக்கும். கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இன்ஃபர்மேஷனல் நகலில் 'அடையாளத்தை நிறுவப் பயன்படாது' என்று அச்சிட்டிருக்கும். பாஸ்போர்ட்டுக்கும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்கும் அது உதவாது. ஆதரைஸ்டு நகலுக்கு, இன்ன உறவு என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். நேரில் போனால் அங்கேயே போடலாம். தபாலில் அனுப்பினால் அந்தத் தாள் நோட்டரி முன்னால் கையெழுத்தானதாக இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை இல்லாமல் அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும். குறைந்தது இரண்டு நகல் வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒன்று போய் வருவதற்குள் இன்னொன்று தேவைப்படும்.

இந்தியாவில் பயன்படுத்த அப்போஸ்டில் (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அத்தாட்சி) வேண்டுமானால் அது கவுன்ட்டியில் கிடைக்காது. சாக்ரமென்டோவில் மாநிலச் செயலர் அலுவலகம் தரும், கட்டணம் 20 டாலர். இங்கேதான் ஒரு முடிச்சு. சான்றிதழில் கையெழுத்து கவுன்ட்டி கிளார்க்-ரெக்கார்டருடையதாக இருந்தால் நேரே அனுப்பலாம். சுகாதார அதிகாரியின் கையெழுத்தாக இருந்தால், முதலில் கவுன்ட்டி கிளார்க்கிடம் அந்தக் கையெழுத்தை உறுதிசெய்து வாங்கித்தான் அனுப்ப வேண்டும். புதிதாகப் பிறந்த குழந்தையின் சான்றிதழ் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. சாக்ரமென்டோவிலிருந்து திரும்பி வரும் உறைகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறப்புச் சான்றிதழுக்கும் இதே அலுவலகங்கள்தான். பொதுவாக இறுதிச் சடங்கு நிறுவனமே வாங்கித் தந்துவிடும். ஊரில் நிலம், வங்கிக் கணக்கு இருந்தால் கூடுதல் நகல்கள் கேளுங்கள். இறப்புக் காரணம் 'நிலுவையில்' என்று இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராமல் காத்திருக்கும். காரணம் பதிவானதும் மறுபடியும் நகல் வாங்க வேண்டும்.

கல்யாணம்

முதலில் லைசென்ஸ், பிறகு சடங்கு, பிறகு சான்றிதழ். லைசென்ஸ் வாங்க இருவரும் அடையாள அட்டையோடு சேர்ந்து வர வேண்டும். 90 நாள் செல்லும், கலிஃபோர்னியாவில் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் செய்யலாம். கோயில் குருக்களே நடத்தி வைக்கலாம். ஆனால் அவர் அந்தத் தாளை நிரப்பிக் கையெழுத்திட்டு 10 நாளுக்குள் கவுன்ட்டிக்கு அனுப்ப வேண்டும். அட்சதை போட்ட களேபரத்தில் தாள் யார் கையிலோ போய்விடுகிறது. ஒரு பொறுப்பான சித்தப்பாவிடம் இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்படையுங்கள்.

பெயர் மாற்றம் பற்றி ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு என்ன பெயர் என்பதை லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தத் தாளில் பிறகு சேர்க்க முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். மாற்ற விருப்பமில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், கட்டாயம் எதுவும் இல்லை. லைசென்ஸ் தாள் சான்றிதழ் ஆகாது. விசாவுக்குக் கேட்பது, பதிவான பிறகு பணம் கட்டி வாங்கும் சான்றளித்த நகலை.

வீடு வாங்கியவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த புரொபசிஷன் 13 என்ற சட்டம்தான் சொத்து வரியின் அஸ்திவாரம். வரி, மதிப்பில் 1 சதவீதம். அதற்கு மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பத்திரக் கடன்களுக்கான சிறு தொகை சேரும். மதிப்பு என்பது நீங்கள் வாங்கிய விலை, அது ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். பக்கத்து வீட்டுத் தாத்தா உங்களில் கால்வாசி வரி கட்டுவது இதனால்தான். அதில் முறைகேடு எதுவும் இல்லை.

தேதிகள்: முதல் தவணை நவம்பர் 1-இல் தொடங்கி டிசம்பர் 10 வரை. இரண்டாவது பிப்ரவரி 1-இல் தொடங்கி ஏப்ரல் 10 வரை. தாண்டினால் 10 சதவீத அபராதம், ஒரு நாள் தாமதமானாலும் அதே 10 சதவீதம். "பில் வரவில்லை" என்பது சட்டப்படி காரணமாகாது. பத்திரத்தில் இருக்கும் பார்சல் எண்ணை (ஏ.பி.என்.) கவுன்ட்டி தளத்தில் போட்டால் தொகை தெரியும். கடன் அட்டையில் கட்டினால் சேவைக் கட்டணம் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து இ-செக்கில் கட்டினால் இல்லை. வங்கி எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் பிசகினால், கட்டியதாகத் திரையில் வந்துவிட்டு சில நாள் கழித்துத் திரும்பிவிடும். அதற்குள் 10-ஆம் தேதி போயிருக்கும். எனவே கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

முதல் ஆண்டில் எல்லோரையும் அதிரவைப்பது சப்ளிமென்டல் பில், அதாவது விலை வித்தியாசத்துக்கான கூடுதல் வரி பில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விற்றவரின் பழைய மதிப்பு 4 லட்சம் டாலர். நீங்கள் 15 லட்சத்துக்கு அக்டோபர் மாதம் வாங்குகிறீர்கள். மொத்த வரிவிகிதம் 1.2 சதவீதம் என்று வைப்போம். அந்த ஆண்டின் வழக்கமான பில் பழைய மதிப்பிலேயே வரும், 4,800 டாலர். "அட, குறைவாக இருக்கிறதே" என்று நினைக்கக் கூடாது. வித்தியாசமான 11 லட்சத்துக்கு முழு ஆண்டு வரி 13,200. வரியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை என்பதால், நவம்பர் 1 முதல் மீதமுள்ள 8 மாதத்துக்கு ஏறக்குறைய 8,800 டாலர். இது சில மாதம் கழித்துத் தனி உறையில் வரும். ஜனவரியிலிருந்து மே வரை வாங்கியவர்களுக்கு இப்படி இரண்டு பில்கள் வரும்.

இந்த பில் பெரும்பாலும் உங்கள் பெயருக்கு மட்டுமே வரும். வழக்கமான வரியை எஸ்க்ரோவில் (மாதத் தவணையோடு ஒதுக்கி வைக்கும் கணக்கில்) பிடித்துக் கட்டும் வங்கி பெரும்பாலும் இதைக் கட்டாது. "பேங்க் பார்த்துக்கொள்ளும்" என்று உறையைத் திறக்காமல் வைத்து 10 சதவீதம் அபராதம் கட்டியவர்கள் ஏராளம். வீடு வாங்கியவுடன் இந்தத் தொகையை மேலே சொன்ன கணக்குப்படி தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஓனர்ஸ் எக்ஸெம்ப்ஷன் என்ற வரிச்சலுகை உண்டு. மதிப்பில் 7,000 டாலர் கழியும், மிச்சமாவது ஆண்டுக்கு 70 டாலர் சொச்சம். பெரிய காசில்லைதான், ஆனால் ஒருமுறை பிப்ரவரி 15-க்குள் படிவம் கொடுத்தால் அந்த வீட்டில் இருக்கும்வரை தொடரும். இலவசம். இதை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்கும் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

சந்தை விழுந்து உங்கள் வீட்டின் விலை பதிவு மதிப்பைவிடக் குறைந்துவிட்டால், மதிப்பைத் தற்காலிகமாகக் குறைக்கக் கேட்கலாம். முதலில் அசெஸர் அலுவலகத்தில் கட்டணமின்றி மறுஆய்வு கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் ஜூலை 2-க்கும் செப்டம்பர் 15-க்கும் இடையில் மேல்முறையீடு. கேள்வி எப்போதும் ஜனவரி 1 அன்று என்ன விலை என்பதுதான். ஆகஸ்டில் பக்கத்து வீடு மலிவாகப் போனதைச் சான்றாகக் காட்ட முடியாது. ஜனவரி 1-க்குப் பிறகு 90 நாளைத் தாண்டிய விற்பனைகள் செல்லா. முறையீடு நிலுவையில் இருந்தாலும் வரியை முழுசாகக் கட்டியாக வேண்டும், ஜெயித்தால் திருப்பித் தருவார்கள்.

பத்திரத்தில் விளையாட வேண்டாம். கணவன் மனைவிக்குள் பெயர் சேர்ப்பதால் மறுமதிப்பீடு வராது. ஆனால் தம்பியையோ நண்பரையோ 'சும்மா' சேர்த்தால் அந்தப் பங்கு இன்றைய சந்தை விலைக்கு மறுமதிப்பீடாகலாம்.

தபாலில் வரும் மூன்று உறைகள்

வீடு வாங்கிய சில வாரங்களில், 'உங்கள் கிராண்ட் டீட் (கிரயப் பத்திரம்) நகலை உடனே பெறுங்கள்' என்று அரசுக் கடிதம் போலவே ஒன்று வரும். நூறு டாலரை ஒட்டிக் கேட்கும். கூர்ந்து பார்த்தால் எங்கோ பொடி எழுத்தில் 'இது அரசு அமைப்பு அல்ல' என்று இருக்கும். பதிவான அசல் பத்திரம் உங்களுக்குத் தபாலில் தானாக வரும். நகல் வேண்டுமென்றால் ரெக்கார்டர் அலுவலகம் சில டாலருக்குத் தரும்.

இரண்டாவது, ஜூரி அழைப்பு. ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கும் இது வரும். குடியுரிமை இல்லாதவர் ஜூரியாக இருக்க முடியாது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 'குடிமகன் அல்ல' என்பதைக் குறித்துப் பதில் அனுப்பிவிடுங்கள், பதில் அனுப்பியதற்குச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வாக்காளர் தொடர்பான கடிதம். வாக்களிப்பது குடிமக்களுக்கு மட்டும், கிரீன் கார்டு போதாது. டி.எம்.வி. திரையில் அவசரத்தில் 'குடிமகன்' என்று தட்டிவிட்டவர்களுக்கு இந்த உறை வரலாம். வந்தால் சிரித்துவிட்டு வைக்காதீர்கள். தேர்தல் பதிவாளருக்கு எழுதிப் பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள், அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பத்திரப்படுத்துங்கள், குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசுங்கள். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி நேரடியாக வரும். குடியுரிமை பெற்றவர்களுக்கு வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். அம்மா அப்பாவுக்குத் தமிழில் உதவி, தமிழில் மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்குமா என்று பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

சின்னத் தொழில்

சொந்தப் பெயரில் இல்லாமல் 'தஞ்சை கேட்டரிங்' மாதிரி ஒரு பெயரில் தொழில் நடத்தினால், கவுன்ட்டி கிளார்க்கிடம் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த பிறகு செய்தித்தாளில் வாரம் ஒருமுறை என நான்கு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும். பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நகரத்தின் தொழில் உரிமம் இதிலிருந்து வேறு, இரண்டும் தேவைப்படும்.

வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பதற்கு 'காட்டேஜ் ஃபுட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. குளிர்பதனம் இல்லாமல் கெடாத பண்டங்களுக்கு மட்டும், அதுவும் மாநிலப் பட்டியலில் இருப்பவைக்கு. சாம்பார் பொடி, இட்லிப் பொடி போன்றவை பட்டியலில் எந்த வகையில் சேரும் என்று கவுன்ட்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சாம்பாரும் சட்னியும் மாவும் இதில் வராது. கடை வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை மாட்டுவதும் இதே துறைதான். மஞ்சள் என்றால் பெரிய குறைகள் கண்டு, நிபந்தனையோடு திறக்க விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இலவசமாகக் கிடைத்தும் யாரும் கேட்காதவை

பழைய பெயின்ட், பேட்டரி, குழல்விளக்கு, எஞ்சின் ஆயில் ஆகியவற்றைக் குப்பைத் தொட்டியில் போடுவது சட்டவிரோதம். கவுன்ட்டியின் அபாயக் கழிவு மையத்தில் குடியிருப்பவர்களுக்கு இலவசம், ஆனால் முன்பதிவு செய்து போக வேண்டும். ஒரு நடைக்கு 15 காலன் அல்லது 125 பவுண்டு வரைதான் வண்டியில் எடுத்துப் போகலாம். காலி டப்பாவில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். லேபிளோடு அசல் டப்பாவிலேயே இருக்கட்டும்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டி இருந்தால், கவுன்ட்டியின் கொசு, எலி ஒழிப்புப் பிரிவான வெக்டர் கன்ட்ரோல் கொசுப்புழு தின்னும் மீன்களைச் சும்மாவே தரும். எலித் தொல்லைக்கும் வந்து பார்த்து, எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று காட்டிவிட்டுப் போவார்கள். அடைப்பது உங்கள் வேலை.

உணவு, வாடகை, முதியோர் உதவி என்று எதற்கு யாரைக் கேட்பது என்றே தெரியாதபோது 211-ஐ அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து போன்ற அவசரம் என்றால் மட்டும் 911. மனநெருக்கடிக்கு 988.

எங்கேயும் வேலை நடக்கவில்லையென்றால் உங்கள் பகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே இதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். கோபத்தை விரிவாக எழுதுவதைவிட நான்கு வரி போதும்: ஏ.பி.என். அல்லது விண்ணப்ப எண், எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். ரசீதின் படத்தை இணையுங்கள்.